குதிகாலுக்கு டியூஷன் கிடையாது

வயசாகிவிட்டது, வயசாகிவிட்டது என்று இரண்டு வருஷம் எல்லாரும் என் காதில் ஓதினார்கள். பெண்டாட்டி ஓதினாள், டிரைவர்கள் ஓதினார்கள், மாதா கோவிலில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கூட பூசை முடிந்ததும் முதுகைத் தட்டி ஓதிவிட்டுப் போனார். வயசு என்னவோ ஒரு வியாதி மாதிரியும், அது வந்தவன் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மாதிரியும். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் மறந்து மறந்து போகிறார் என்றால், வயசு என்று சொல்லிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இதில் எழுத்துப் பிழைகளை என் மகள் ஸ்டெல்லா திருத்தினாள். விஷயத்தில் கைவைக்க விடவில்லை. அவளைப் பற்றியும் வருவதால் அவளுக்கு அங்கங்கே கை அரித்தது. அரிக்கட்டும்.

என் பெயர் சவரிமுத்து. சவரிமுத்து லாரி என்றால் சிராங்கூன் ரோட்டில் தெரியாதவன் கிடையாது. பதினெட்டு வயசில் கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினேன். ஹார்பரில் மூட்டை தூக்கினேன். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தேன். அப்புறம் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் சொந்தமாக ஒரு லாரி, அப்புறம் மூன்று. ஒருத்தன் சிபாரிசும் கிடையாது. வாழ்க்கையில் ஒரு மேப் வாங்கியதில்லை. இந்தத் தீவில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தப் பாலத்துக்கு எவ்வளவு உயரம், எல்லாம் தலைக்குள் இருந்தது. படித்த டிரைவர்கள் என்னிடம் வந்துதான் வழி கேட்பார்கள்.

அந்தத் தலைதான் மக்கர் பண்ணியது.

எம்.ஆர்.டி. ரயிலுக்காக ஊரெல்லாம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. இரண்டு லாரிகளை ஆள் போட்டு ஓட்டினேன். மூன்றாவதை நானே ஓட்டினேன். தேக்காவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் புளோக்கிலிருந்து விடிகாலையில் கிளம்பி, பூன் லேயில் பதினோரு வெல்டிங் வேலையாட்களை ஏற்றி, துவாஸில் ஒரு இரும்புப் பட்டறையில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப ஏற்றி வர வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ரோடு.

முதலில் வந்தது குளிர். சிங்கப்பூரில் குளிர்! மத்தியான வெயிலில் லாரிக்குள் உட்கார்ந்து ஸ்வெட்டரின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் காற்றாடிச் சண்டை. நான் நிறுத்துவேன், என் மனைவி ஞானம் போடுவாள்.

"ஏங்க, ஊரே வேர்த்து ஒழுகுது. உங்களுக்கு மட்டும் ஊட்டியா?"

"டீசல் காத்துல நாப்பது வருஷம் ஒக்காந்தா இப்படித்தான்."

"டீசல்ல குளிருமா?"

"உனக்கு லாரியப் பத்தி என்ன தெரியும்?"

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, அதுதான் வினை. குரல் தகரம் மாதிரி ஆனது, புகை என்றேன். முகம் உப்பியது, தூக்கம் என்றேன். தோல் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது, சோப்பு சரியில்லை என்றேன். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனது, ஞானத்தின் சமையல் என்றேன். அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை, எனக்கு அதுவும் உறைக்கவில்லை. ஒருநாள் பூன் லேக்குத் திரும்புவதற்குப் பதிலாக நேராகப் போய் எங்கேயோ ஒரு மண்மேட்டில் நின்றேன். எம்.ஆர்.டி.க்காரன் ரோட்டை மாற்றிவிட்டான் என்றேன். அந்தப் பக்கம் அப்போது ஒரு மண்வெட்டிகூட விழவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

கேட்டதையே கேட்கிறேன் என்றார்கள். அதையே இவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது மட்டும் குற்றமில்லை.

கடைசியில் ஸ்டெல்லா என்னை டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஆறாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவதில் கெட்டிக்காரி. ஸ்டெல்லா டீச்சர் கையில் கொடுத்தால் கல்லும் பாஸாகும் என்பார்கள். தெம்பனிஸில் அவள் வீட்டில் சாயங்காலமானால் செருப்பு வைக்க இடமிருக்காது, அவ்வளவு டியூஷன் பிள்ளைகள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

டிஸ்பென்சரியில் நம்பர் சீட்டு வாங்கி மூன்று மணி நேரம். உள்ளே போனால் டாக்டர் என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்தே பேசினார். எனக்குப் பஜார் மலாய் தெரியும், இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரியும். ஆனாலும் ஸ்டெல்லாதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்துப் பத்துக் கேள்வி கேட்டார். இது என்ன வருஷம்? என்ன மாதம்? இந்த இடம் எது? உங்கள் பிறந்த தேதி? பிரதம மந்திரி யார்? ஜப்பான்காரன் எந்த வருஷம் வந்தான்? இருபதிலிருந்து தலைகீழாக எண்ணுங்கள். இப்படிப் போனது. நடுவில் வாழைப்பழம், குடை, சாவி என்று மூன்று சாமான் சொல்லி, கடைசியில் அது மூன்றும் என்ன என்று கேட்டார்.

ஜப்பான்காரன் வந்த வருஷத்தை மட்டும் பளிச்சென்று சொன்னேன். அடி வாங்கியவன் அல்லவா. மற்றதில் தடுமாறினேன். பிறந்த தேதி எனக்கு எப்போதுமே தெரியாது, எங்கள் ஆத்தாள் சோளம் அறுத்த மாசம் என்றுதான் சொல்வாள். அதைச் சொன்னால் தப்பு போட்டார். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், வருஷமும் வரவில்லை. மூன்று சாமானில் ஒன்றுகூட வரவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினார். டிமென்ஷியாவா என்று பார்க்க வேண்டுமாம். மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வழி மறந்து, ஆள் மறந்து, கடைசியில் தன்னையே மறக்கிற வியாதி. வந்தால் திரும்பாது என்று ஸ்டெல்லா சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானம் அழுதாள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரில போட்டுருவாங்களா? லைசென்ஸப் புடுங்கிட்டா இவரு செத்துருவாருடி."

ஸ்டெல்லா அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பத்துக் கேள்வியும் அவள் வாய்வழியாகத்தானே எனக்கு வந்தது? ஒன்றுவிடாமல் எழுதினாள், பிறந்த தேதிக்கு என் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிலும் எழுதினாள்.

"அப்பா, ஆறு வாரம் இருக்கு. அங்கயும் இதே தாளத்தான் கேப்பாங்க. பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். அறுபத்தைந்து வயசுக்கு மேல் டியூஷன். வாரத்தில் நாலு நாள் தெம்பனிஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்துவிடுவாள். கையில் பென்சில். ஞானம் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்வாள்.

"என்ன வருஷம்?"

"நேத்துதானே கேட்ட!"

"நேத்து தப்பாச் சொன்னீங்க. என்ன வருஷம்?"

"ஏய், பெத்த அப்பன்டி நான்."

"இங்க நான் டீச்சர். மூணு சாமான் என்ன?"

"வாழப்பழம், கொடை, சாவி! வாழப்பழம், கொடை, சாவி! போதுமா?"

தூங்கும்போதும் சொன்னேனாம். சாப்பாட்டுக்கு முந்தி ஜெபம் சொல்ல வாயைத் திறந்து, பிதா சுதனுக்குப் பதிலாக வாழைப்பழம் என்று ஆரம்பித்தேன். ஞானம் சிரித்தாள். அந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே தாள்தான். நான் மளமளவென்று சொன்னேன். டாக்டர் மூன்று சாமான் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் நானே சொல்லப் போனேன். ஸ்டெல்லா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பத்துக்குப் பத்து. டாக்டர் ஸ்டெல்லாவிடம், ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, இது சாதாரண வயசு மறதிதான், ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்றார். நான் எழுந்து அவர் கையைக் குலுக்கினேன். அன்றைக்கு டிரைவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்து, மூன்றாம் வகுப்புப் படித்தவன் பெரிய டாக்டரிடம் நூற்றுக்கு நூறு வாங்கிய கதையை இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள்.

சோதனையை ஏமாற்றினோம். நோய் ஏமாறவில்லை.

மூன்று வாரம் போனது. இனி எழுதப்போவது எனக்கு ஞாபகம் இல்லாதது. ஞானமும், வேலையாட்களுக்குத் தலைவன் மாணிக்கமும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மாணிக்கம் என்னோடு இருபது வருஷப் பழக்கம், ஸ்டெல்லா கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் துவாஸுக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன். பாதியில் எங்கேயோ திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். லாரியை நிறுத்தி, மேலே வந்து, ரசம் சோறு சாப்பிட்டு, ஸ்வெட்டரோடு படுத்துவிட்டேன். ஏழரை மணிக்குப் போன் அடித்தது. நல்ல மழை.

"அண்ணி, மாணிக்கம் பேசறேன். அண்ணன் கெளம்பிட்டாரா?"

"எங்க கெளம்ப? சாப்ட்டுப் படுத்துட்டாரே."

"அண்ணி, நாங்க பதினோரு பேரும் கேட்டுல நனைஞ்சுகிட்டு நிக்கிறோம். இங்க கடை கண்ணி ஒண்ணும் இல்ல. பஸ்ஸப் புடிக்கலாம்னு நடந்தோம், இருட்டுல டிப்பர் லாரி ஒருத்தன் உரசிட்டுப் போயிட்டான். கோவிந்தனுக்கு முட்டி கிழிஞ்சு ரத்தம் ஊத்துது."

ஞானம் என்னை உலுக்கி எழுப்பிப் போனைக் காதில் வைத்தாள். நான் கேட்டேனாம்:

"யாருப்பா நீ?"

"அண்ணே, மாணிக்கம்ணே."

"எந்த மாணிக்கம்? இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம லாரி ஓடாது." வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. வேறு டிரைவரை அனுப்பி ஒன்பது மணிக்கு அவர்களைக் கூட்டி வந்தார்கள். கோவிந்தனுக்கு ஏழு தையல். டிப்பர் இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணிக்கம் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானே நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் என்னை எழுப்ப முடியவில்லை. உடம்பு ஐஸ் மாதிரி, மூச்சும் நாடியும் ஆமை வேகம். ஆம்புலன்ஸ் வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரி. நாற்பது கட்டில் போட்ட பொது வார்டில் கம்பளி சுற்றிச் சூடேற்றி, சாயங்காலம்தான் என்னைக் கண் திறக்க வைத்தார்கள்.

வார்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி கத்துகிறார்கள். விடிவதற்கு முன்னால் விளக்கைப் போட்டுக் கையில் ஊசி. கூரையில் காற்றாடி, அதை நிறுத்தச் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் முறைக்கிறார்கள். மலாய்க்கார மிஸி ஒருத்தி, நர்ஸை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம், அவள் மட்டும் நல்லவள். வரும்போதெல்லாம் "பாச்சிக், சுடா மக்கான்?" என்பாள். பெரியவரே சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். எனக்குக் கேட்காமலே இரண்டாவது கம்பளி கொண்டுவந்து கால்மாட்டில் போட்டாள். ஞானம் பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவருவாள், பார்வை நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டெல்லா பள்ளி முடிந்து நேராக வந்து, கட்டிலோரத்தில் பிள்ளைகள் நோட்டைத் திருத்துவாள். திருத்தியதையே திருத்துவாள். அவளுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டர் வந்தாள். ஒல்லியான சீனப் பெண், ஸ்டெல்லாவைவிட வயசு குறைவு. அவளும் தாளை எடுத்தாள்.

நான் சொன்னேன். எழுந்து நிற்க முடியவில்லை, நாக்கு தடித்திருந்தது, ஆனால் அந்தப் பத்தும் வந்தது. மற்றதெல்லாம் மறந்தவனுக்கும் வாழைப்பழம், குடை, சாவி வந்தது. அவள் எழுதிக்கொண்டாள். பிறகு ஞானமும் ஸ்டெல்லாவும் தாங்கிக்கொள்ள, என்னை ஒரு நாற்காலிமேல் முழங்கால் போட்டுத் திரும்பி நிற்கச் சொன்னாள், பாதம் இரண்டும் வெளியே தொங்கும்படி. கோவிலில் முட்டிபோடுவது மாதிரி. ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பில் தட்டினாள்.

நல்ல உடம்பில் பாதம் சட்டென்று உதைத்து, சட்டென்று பழைய இடத்துக்கு வந்துவிடும். என் பாதம் உதைத்தது. திரும்பி வரத்தான் மனசில்லை. கரைக்கு வருகிற சாம்பான் படகு மாதிரி மெதுவாக, மெதுவாக வந்து நின்றது. அவள் மறுபடி தட்டினாள். அடுத்த காலில் தட்டினாள். மிஸியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து புருவத்தைப் பார்த்தாள். ஓரத்தில் முடியே இல்லை. இரண்டு வருஷமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன், நான் கவனிக்கவில்லை.

"அங்கிள், குளிருதா?" என்றாள் பஜார் மலாயில்.

ஞானம் முந்திக்கொண்டாள். "குளிருதாவா? கேளும்மா கேளு, ரெண்டு வருஷமாச் சண்டை!"

குளிர், குரல், தோல், மலச்சிக்கல், தூக்கம் எல்லாவற்றையும் அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். ஏதோ எங்கள் வீட்டில் குடியிருந்த மாதிரி. பிறகு தாளைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். அவள் ஸ்டெல்லாவிடம் இங்கிலீஷில் கேட்டது எனக்கே புரிந்தது. உடம்பு இவ்வளவு மெதுவாக ஓடுகிறது, இந்தப் பத்துக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேகம்?

ஸ்டெல்லா நோட்டை மூடினாள். நான் மேலே காற்றாடியைப் பார்த்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மலாயில், மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்குக் காலைல என்ன சாப்ட்டீங்க, அங்கிள்?"

இது பாடத்தில் இல்லை.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. தலைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அறுபது வருஷத்தில் எனக்கு அந்த மாதிரி பயம் வந்ததில்லை, ஜப்பான்காரன் துப்பாக்கியை நெஞ்சில் வைத்தபோதுகூட. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "இட்லி," என்றேன் கெத்தாக. "வீட்ல நாலு இட்லி."

என் ஸ்வெட்டர் கையில் ஆஸ்பத்திரிக் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காதவன் அந்த வார்டில் நான் ஒருவன்தான்.

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். "நான்தான் டாக்டர் சொல்லிக் கொடுத்தேன். பத்தும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." டியூஷன், நோட்டு, ஆறு வாரம், எல்லாவற்றையும் கொட்டினாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டி மானத்த வாங்குற?" என்று கத்தினேன். கத்திவிட்டு அவளைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயசுப் பிள்ளை, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு படித்தவரிடம் அதற்கு முன் சொன்னதில்லை.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் தெரியல. எது கேட்டாலும் தெரியல."

டாக்டர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினாள். கழுத்தில் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். வண்ணத்துப்பூச்சி சைஸ். உடம்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதில் ஊறுகிற ஒரு நீர்தான் சொல்கிறது. வயசானவர்களுக்கு அது சத்தமில்லாமல் வற்றிப்போகும். வற்றினால் இதயம், குடல், தோல், மூளை எல்லாம் மெதுவாகிவிடும். பார்ப்பவர்கள் வயசு என்பார்கள், டிமென்ஷியா என்பார்கள்.

நான் என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன். "ஆக்ஸிலேட்டர் கேபிள் தொங்கிப்போன லாரி. என்ன மிதிச்சாலும் ஏறாது. எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுருவான்."

"அதேதான் அங்கிள். ஆனா எஞ்சினும் தேஞ்சிருக்கலாம். கேபிள மாட்டி ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். முடிவு வர ஒரு வாரமாகும் என்றாள்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது? ரத்தம் நன்றாக இருந்தால் என் மூளை போய்விட்டது என்று அர்த்தம். ரத்தம் கெட்டிருந்தால் மருந்து இருக்கிறது. ஞானம் தினமும் கோவிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள்.

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"உங்க ரத்தம் கெட்டுப்போயிருக்கணும்னு."

"நல்ல பெண்டாட்டிடி நீ."

"மாதாவுக்கே கொழப்பமாத்தான் இருக்கும். ரெண்டு தடவ வெளக்கிச் சொல்லிட்டு வந்தேன்."

ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்கத் தன்னையே வைதுகொண்டாள். மூன்று வாரம், கோவிந்தன் முட்டி, எல்லாம் தன் நோட்டால் வந்தது என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டில் பாதி என் கெத்து எழுதியது.

எட்டாம் நாள் சின்ன டாக்டர் ஓடிவந்தாள். தைராய்டு கிட்டத்தட்ட வற்றிவிட்டது, ரத்தம் மிக மோசம். ஞானம் கையெடுத்துக் கும்பிட்டாள், ஸ்டெல்லா டாக்டரைக் கட்டிப்பிடித்தாள், நான் "ரொம்ப மோசமா? ரொம்பவா?" என்று சிரித்தேன். கெட்ட செய்திக்கு இப்படி ஆடுகிற குடும்பத்தை மிஸி பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து மாத்திரை வேண்டும் என்றாள்.

மாத்திரை வந்தது. ஒரு பொட்டு மாதிரி. அதிலும் கால் துண்டு!

"இத்தன பெரிய ஒடம்புக்குக் கால் மாத்திரையா? ரெண்டு முழுசாக் குடும்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போறேன்."

"வயசான இதயம் அங்கிள். திடீர்னு ஃபுல் ஸ்பீடு குடுத்தா நின்னுரும். மெதுவாத்தான் ஏத்தணும். அளவு ஜாஸ்தியானாலும் படபடப்பு வரும், தல கொழம்பும். அதனால ஆயுசுக்கும் ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"இத்தன நாள் வத்திக் கெடந்ததால அந்த டிமென்ஷியா பின்னால வருமா?"

"வரலாம்னு சிலர் சொல்றாங்க. இல்லன்னும் சொல்றாங்க. சரியா யாருக்கும் தெரியல அங்கிள்."

இவ்வளவு படித்துவிட்டுத் தெரியவில்லையாம்! எரிச்சலாக வந்தது. அப்புறம் யோசித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்ததால்தான் அவளுக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு என் குதிகாலைத் தட்டத் தோன்றியது. குதிகாலுக்கு யாரும் டியூஷன் சொல்லித்தர முடியாது.

வீடு திரும்பிய அன்றே லாரிச் சாவியை ஞானத்திடம் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூன் லேக்குப் போய்க் கோவிந்தனின் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். "வுடுங்கண்ணே, வயசாயிருச்சு ஒங்களுக்கு," என்றான். "வயசு இல்லடா, தைராய்டு," என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பாவம், முட்டியோடு காதும் போனது அவனுக்கு.

ஆறு மாதத்தில் ஸ்வெட்டர் அலமாரிக்குப் போனது. குரல் திரும்பியது. காற்றாடியை இப்போது நான் போடுகிறேன், ஞானம் நிறுத்துகிறாள். வழிகள் ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்து நின்றன. எல்லாமும் அல்ல.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனோம். சின்ன டாக்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒருவர் இருந்தார், தமிழர், கண்ணாடி போட்டவர். ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார். குதிகாலைத் தட்டினார், பாதம் போனது, வந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து அதே தாளை எடுத்தார்.

ஞானம் என்னைப் பார்த்தாள். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். பத்துக்குப் பத்து கையில் இருக்கிறது. சாகிற வரைக்கும் இருக்கும், மற்றதெல்லாம் போனாலும்.

"சார், அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். அது எனக்கு ஆகாது. வேற ஏதாச்சும் கேளுங்க."

அவர் பேனாவை வைத்தார். "என்ன வேலை பாத்தீங்க?"

"லாரி. பதினோரு பேரத் தெனமும் துவாஸுக்கு ஏத்திட்டுப் போனேன்."

"அவங்க பேரச் சொல்லுங்க பாப்போம்."

கண்ணை மூடினேன். லாரியின் பின்பக்கம், அவரவர் உட்காருகிற வரிசை. மாணிக்கம். காளியப்பன். யூசுப். அவன் தம்பி இஸ்மாயில். பெரிய முருகன், சின்ன முருகன். கோவிந்தன். அந்தோணி. ரெங்கசாமி. லிங்கம். கடைசியில், கதவோரம் உட்கார்ந்து கொக்கி போடுகிறவன். முகம் தெரிகிறது. தங்கப்பல் தெரிகிறது. கொக்கி போட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டுவானே, அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது. பெயர் வரவில்லை.

"பதினோராவது தெரியல சார்."

பத்து என்று எழுதிக்கொண்டார். அது மறதியா, தைராய்டின் மிச்சமா, எல்லாருக்கும் வருகிறதா என்று கேட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஸ்டெல்லா பக்கத்தில் நெளிந்தாள்.

"அப்பா, எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

"வாய மூடு. டியூஷன் வேணாம்."

மறுநாள் காலையில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு கன்னத்தில் சோப்பு அப்படியே இருக்க, வந்துவிட்டது. தனபால். சோப்போடு ஓடிப்போய் ஸ்டெல்லாவின் பள்ளிக்குப் போன் போட்டு, அவளை வகுப்பிலிருந்து கூப்பிடச் சொல்லி, "தனபால்!" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் இதைச் சொல்லலாமே, பதினொன்றாகத் திருத்திக்கொள்வாரே என்கிறாள் ஞானம். சொல்லப் போவதில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது பத்துதான். பத்து பத்தாகவே இருக்கட்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் வாங்கிய மார்க் அது.